மூவிங் காயில் ஊசியும் கம்ப்யூட்டரும்: இந்த மாதக் கேள்விகள்

போன மாதம் பழைய ரெக்கார்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றுவது பற்றி ஒரு பத்தி எழுதப் போக, தபாலும் மெயிலுமாகக் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் பற்றியே (கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியின் ஆட்டத்தை மின்சார சிக்னலாக்கும் குட்டிப் பெட்டி). ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஐந்தாக்கியிருக்கிறேன். முதல் கேள்விக்குத்தான் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், வணக்கம். அப்பா சேர்த்து வைத்த எல்.பி. நூற்றைம்பது இருக்கும், பெரும்பாலும் கச்சேரி, கொஞ்சம் சினிமா. ஜப்பானில் இருக்கும் மாப்பிள்ளை லீவில் வந்தபோது டெனான் டிஎல்-103 என்ற மூவிங் காயில் கார்ட்ரிட்ஜை வாங்கி வந்து டர்ன்டேபிளில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். டர்ன்டேபிளிலிருந்து வரும் இரண்டு வயரையும் யூஎஸ்பி கன்வெர்ட்டரின் லைன் இன்புட்டில் சொருகினேன். கொசு பாடுகிற மாதிரி வருகிறது. சாஃப்ட்வேரில் சத்தத்தை ஏற்றினால் பாட்டை விட இரைச்சல் முந்துகிறது, மிருதங்கத்தில் தொப்பி, அதான் இடது பக்கத்துத் தாழ்ந்த நாதம், காணவே காணோம். 32 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கன்வெர்ட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள் கடையில். வாங்கட்டுமா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மந்தைவெளி

பதில்: வாங்காதீர்கள் சார். அந்தப் பணம் வேறு இடத்தில் வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளை கொண்டுவந்தது சாமானியப் பொருள் இல்லை. 1960களில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிலையங்களுக்காக டெனான் உருவாக்கிய கார்ட்ரிட்ஜ் அது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் மாட்டினால் உங்களுக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கும். ஊசி பதிந்திருக்கும் சின்னக் குச்சியின் மறுமுனையில், தலைமுடியை விட மெல்லிய கம்பியால் சுற்றிய குட்டிச் சுருள்கள் இருக்கின்றன, இடது சேனலுக்கு ஒன்று, வலது சேனலுக்கு ஒன்று. காந்தம் அசையாமல் நிற்கும், சுருள் ஆடும். சாதாரண மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜில் இது தலைகீழ்: ஆடுவது காந்தம், சுருள் உடம்போடு ஒட்டி நிற்கும், அதனால் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம். சுருளே ஆட வேண்டும் என்றால் கனம் கூடாது, கனம் கூடாது என்றால் சுற்றைக் குறைக்க வேண்டும், சுற்றைக் குறைத்தால் வோல்டேஜும் குறையும். மூவிங் மேக்னட்டில் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரும் இடத்தில் உங்களுடையதில் வருவது 0.3 மில்லிவோல்ட்.

இதையே கன்வெர்ட்டர் பக்கம் நின்று பாருங்கள். லைன் இன்புட் என்பது சிடி பிளேயர் மாதிரியான சாமான்களுக்காக வைத்த வாசல். 2 வோல்ட் வந்தால்தான் அது முழு அளவைத் தொடும் என்று வைத்துக்கொள்வோம், வீட்டு உபயோகத்துக்கு வருபவற்றில் அதுதான் சகஜம். 2 வோல்ட்டை 0.3 மில்லிவோல்ட்டால் வகுத்தால் 6,600 மடங்குக்கு மேல் வருகிறது, டெசிபலில் சொன்னால் சுமார் 76. கன்வெர்ட்டர் ஒலியை எண்ணாக்கும்போது எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்பதுதான் பிட். 16 பிட்டில் இருக்கும் மொத்த இடமே 96 டெசிபல், பிட்டுக்கு 6 என்ற கணக்கு. 76 போக மிச்சம் 20. அதாவது, வங்கிக்காரரான உங்களுக்குக் கணக்கு சொல்லித் தர வேண்டியதில்லை, மூன்று பிட்டும் சொச்சமும். அந்த மூன்று பிட்டுக்குள் ஒரு முழுக் கச்சேரியையும் அடைத்துவிட்டு, பிறகு சாஃப்ட்வேரில் இழுத்துப் பெரிதாக்கினால் என்ன வரும்?

24 பிட்டில் 144 டெசிபல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். காகிதத்தில் இருக்கிறது. நிஜ கன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் அனலாக் பகுதியின் சொந்த இரைச்சல் 100, 110 டெசிபல் ஆழத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிடும். அதற்குக் கீழே உள்ள பிட்டெல்லாம் அந்த இரைச்சலைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். 32 பிட் வாங்கினால் அதே இரைச்சலை இன்னும் சிரத்தையாக எண்ணும்.

தொப்பி காணாமல் போனதற்குக் காரணம் வேறு. ரெக்கார்டில் பாட்டு இருக்கிற மாதிரியே வெட்டப்படுவதில்லை. தாழ்ந்த ஒலிகளை முழு பலத்தில் வெட்டினால் வரி அகலமாக ஆடிப் பக்கத்து வரியில் போய் இடிக்கும், அதனால் அவற்றைக் குறைத்து வெட்டுவார்கள். உயர்ந்த ஒலிகளைக் கூட்டி வெட்டுவார்கள், திருப்பி இசைக்கும்போது அவற்றைக் குறைத்தால் தட்டின் சரசரப்பும் சேர்ந்து அமுங்கும் என்பதற்காக. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்று கம்பெனிக்கு ஒரு வழக்கம் இருந்ததை 1954 வாக்கில் ஆர்ஐஏஏ என்ற ஒரே வளைவாக்கினார்கள். 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் ஏற்றி, 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் இறக்கினால்தான் பாட்டு பழைய உருவத்துக்கு வரும். உங்கள் கன்வெர்ட்டருக்கு இந்தச் சங்கதி தெரியாது. தொப்பி தட்டில் பத்திரமாக இருக்கிறது சார், அதை மேலே தூக்கிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஆள்தான் போனோ ப்ரீஆம்ப், சிக்னலைப் பெருக்கி ஆர்ஐஏஏ வளைவையும் போட்டுக் கொடுக்கும் பெட்டி. அதில் எம்சி (மூவிங் காயில்) என்ற வசதி இருக்க வேண்டும், இது முக்கியம், ஏனென்றால் போனோ என்று எழுதி விற்கும் யூஎஸ்பி பெட்டிகளில் பல எம்எம் (மூவிங் மேக்னட்) மட்டும்தான், அதாவது 40 டெசிபல், 100 மடங்கு. உங்களுக்கு வேண்டியது 60 டெசிபல், 1,000 மடங்கு. 0.3 மில்லிவோல்ட் 0.3 வோல்ட் ஆகும், பாட்டின் உச்சங்கள் அதைப் போல நான்கு மடங்கு போனாலும் 1.2 வோல்ட், 2 வோல்ட் வாசலில் இடிக்காமல் நுழைந்துவிடும். ரெக்கார்ட் செய்யும்போது மீட்டரில் உச்சம் −6 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் போதும். பச்சைக் கோட்டை உச்சிவரை ஏற்ற வேண்டும் என்று கேசட் காலத்துப் பழக்கத்தில் கை பரபரக்கும், ஏற்றாதீர்கள். நல்ல எல்.பி.யில் கிடைப்பதே 60, 70 டெசிபல் வீச்சு, 24 பிட்டில் 10 டெசிபலைத் தாராளமாகக் காலியாக விடலாம். 96 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 96,000 முறை அளப்பது, போதும், ஒரு பக்கம் 20 நிமிஷம் என்றால் சுமார் 690 எம்பி வரும். 192 வைத்தால் ஹார்ட் டிஸ்க் விற்பவருக்குத்தான் லாபம்.

இன்னொரு வழி, ஏற்கெனவே எம்எம் ப்ரீஆம்ப் இருந்தால் அதற்கு முன்னால் ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர். 1:10 என்றால் வோல்டேஜ் பத்து மடங்காகி 3 மில்லிவோல்ட் கிடைக்கும், எம்எம் இன்புட் எதிர்பார்ப்பதும் அதைத்தான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வோல்டேஜ் 10 மடங்கு ஏறினால், அந்தப் பக்கம் இருக்கும் சுமை (ப்ரீஆம்ப் இன்புட்டின் மின்தடை) இந்தப் பக்கத்துக்கு 100 மடங்கு குறைந்து தெரியும். எம்எம் இன்புட்டின் 47,000 ஓம், கார்ட்ரிட்ஜின் கண்ணுக்கு 470 ஓம். டிஎல்-103இன் உள் மின்தடை 40 ஓம், அதன் பத்து மடங்காவது சுமை இருக்கட்டும் என்பது அனுபவக் கணக்கு, ஆகவே 470 ஜோராகப் பொருந்தும்.

நான் சொதப்பிய கதையையும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிய புதிதில், எம்சி கார்ட்ரிட்ஜ்தானே என்று ப்ரீஆம்பின் பட்டனையும் எம்சியில் வைத்துவிட்டேன். 20 டெசிபலும் 60 டெசிபலும் சேர்ந்து 80. போதாக்குறைக்கு எம்சி இன்புட்டின் 100 ஓம் சுமை, கார்ட்ரிட்ஜ் பக்கம் 1 ஓமாகிவிட்டது. குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது, பல்லவி உச்சத்துக்குப் போனால் கரகரவென்று உடைந்தது. விற்ற கடைக்காரரிடம் போய், டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று சண்டை போட்டேன். அவருக்கும் காரணம் தெரியவில்லை, மாற்றிக் கொடுத்தார், அதுவும் அப்படியே பாடியது. ஒரு வாரம் கழித்துத்தான் பட்டனைப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் பட்டன் எம்எம்மில்தான் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று, இரண்டும் சேர்ந்து இல்லை.

எதை வாங்குவது என்றால், உங்களிடம் ஒன்றுமே இல்லாததால் எம்சி வசதியுள்ள ப்ரீஆம்பே நல்லது. கன்வெர்ட்டர் இருப்பதே போதும். டர்ன்டேபிளுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே உள்ள ஒரு முழ வயரில்தான் பாட்டு பிழைப்பதும் போவதும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் முரட்டு சிக்னல், எதையும் தாங்கும்.

கேள்வி: சார், வீட்டில் பாடிப் பதிவு செய்ய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் மைக் இன்புட்டிலேயே 60 டெசிபல் கெய்ன் (பெருக்கம்) இருக்கிறது. மூவிங் காயில் கார்ட்ரிட்ஜும் டைனமிக் மைக் மாதிரிதானே, நேராக அதில் சொருகிவிட்டு ஆர்ஐஏஏவை சாஃப்ட்வேரில் போட்டுக்கொள்ளலாமா?
— ஐ.டி. ஊழியர், வேளச்சேரி

பதில்: பலே தம்பி. இந்த மாதக் கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையதுதான். தாராளமாகச் செய்யலாம். டைனமிக் மைக்கும் காந்தத்துக்குள் ஆடும் சுருள்தான், இதுவும் அதுதான். கார்ட்ரிட்ஜின் சுருள் இரண்டு முனையும் எதோடும் சேராமல் மிதப்பதால் பிளஸ், மைனஸ் இரண்டையும் எர்த்திலிருந்து பிரித்து வைக்கும் பேலன்ஸ்டு இன்புட்டுக்கு இயல்பாகவே பொருந்தும். கார்ட்ரிட்ஜ் பின்னால் நான்கு வண்ணம் பார்த்திருப்பீர்கள்: வலது சேனலுக்குச் சிவப்பு பிளஸ், பச்சை மைனஸ், இடதுக்கு வெள்ளை பிளஸ், நீலம் மைனஸ். எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் மைக் பிளக்கில் பிளஸ்ஸை 2ஆம் பின்னிலும் மைனஸை 3ஆம் பின்னிலும் பற்றவைத்து, வயரின் மேலுறைக் கம்பியையும் டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) எர்த்தையும் 1ஆம் பின்னில் சேருங்கள். சில பழைய டர்ன்டேபிள்களில் ஒரு மைனஸை டோன்ஆர்ம் உடம்போடு சேர்த்திருப்பார்கள். கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு அதை முதலில் சோதியுங்கள்.

அப்புறம் 48 வோல்ட் ஃபேன்டம் பவர், மைக் வயர் வழியாகவே மைக்குக்கு அனுப்பும் மின்சாரம். அது ஆஃப். ஆஃப் என்றால் ஆஃப். கண்டென்சர் மைக்குக்காகப் போட்டு மறந்திருப்பீர்கள், பட்டனை அணைத்த உடனேயும் சொருகாதீர்கள், மிச்ச வோல்டேஜ் வடிய ஒரு நிமிஷமாவது விடுங்கள். மைக்கில் இரண்டு பின்னிலும் சமமாக 48 வருவதால் சுருள் வழியே ஓட்டம் இருக்காது என்று சிலர் வாதம் செய்வார்கள். சொருகும் அந்த நொடியில் ஒரு பின் முன்னாலும் ஒரு பின் பின்னாலும் தொட்டால் அந்த நியாயம் நிற்காது. மூவிங் மேக்னட்டில் ஊசி போனால் ஊசியை மட்டும் உருவி மாற்றலாம், இதில் சுருளோ ஊசியோ எது போனாலும் முழுக் கார்ட்ரிட்ஜும்தான்.

மைக் இன்புட்டின் மின்தடை பெரும்பாலும் 1,500 ஓமுக்கு மேல் இருக்கும், எம்சி ப்ரீஆம்பின் 100 ஓம் சுமையை விடக் கொஞ்சம் பளிச்சென்று கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் 2க்கும் 3க்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் போட்டுப் பாருங்கள், ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆர்ஐஏஏ இல்லாமல் பதிவதால் ஹெட்போனில் கேட்கும்போது தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். கீறல்களின் டக் டக் முழு பலத்தோடு வரும், உச்சத்துக்கு மேல் 12 டெசிபலாவது காலியாக விடுங்கள். ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஃபில்டர் கர்வ் பகுதியில் ஆர்ஐஏஏ தயாராகவே இருக்கிறது. ஆனால் அதைப் போடுவதற்கு முன்பே கீறல் சத்தத்தை எடுத்துவிடுங்கள். வளைவு விழாத பதிவில் கீறல் ஊசிக் குத்து மாதிரி ஒல்லியாக நிற்கும், சாஃப்ட்வேர் அதைச் சுலபமாகப் பிடிக்கும், வளைவு போட்டபின் மொழுக்கென்று பரவிவிடும். இந்த வழியில் எனக்கு இருக்கும் ஒரே குறை, ரெக்கார்டை சும்மா போட்டுக் கேட்க முடியாது என்பதுதான். காபி டம்ளரோடு உட்கார்ந்து கேட்கிற ஆளாக இருந்தால் ப்ரீஆம்ப் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எம்சி ப்ரீஆம்ப், கன்வெர்ட்டர், லேப்டாப் எல்லாம் சரியாக மாட்டிவிட்டேன். பாட்டு அழகாக வருகிறது, ஆனால் பின்னாலேயே 'ம்ம்ம்' என்று ஒரு சுருதிப்பெட்டி. டோன்ஆர்மைத் தொட்டால் குறைகிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு வீட்டு எர்த் சரி என்று சொல்லிவிட்டார்.
— பள்ளி ஆசிரியை, தாம்பரம்

பதில்: தொட்டால் குறைகிறது என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது அம்மா. டர்ன்டேபிளின் பின்னால் தனியாக ஒரு ஒல்லி வயர், முனையில் கவை மாதிரித் தகடு, வருகிறதா பாருங்கள். அது ப்ரீஆம்பின் எர்த் திருகில் இறுக வேண்டும். அநேகமாகத் திருகு தளர்ந்திருக்கும், அல்லது தகட்டில் களிம்பு ஏறியிருக்கும். நம் ஊர் ஈரக் காற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும். தேய்த்து இறுக்குங்கள். ஆயிரம் மடங்கு பெருக்கும் இடத்தில் ஒரு பாசி படிந்த தகடு பெரிய விஷயம்.

அதற்கும் நிற்கவில்லை என்றால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால், எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வளையம் போட்டிருக்கிறது என்று அர்த்தம், ரெக்கார்ட் செய்யும் நேரம் மட்டும் சார்ஜர் இல்லாமல் ஓட்டிவிடலாம், ஒரு பக்கம் 20 நிமிஷம்தானே. எக்காரணம் கொண்டும் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். சிலர் சொல்லுவார்கள், கேட்காதீர்கள்.

ஆழமான ம்ம்ம் என்றால் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் வயரோ காந்தப் புலமோ. கொஞ்சம் முரட்டு 'பர்ர்' என்றால் 100 ஹெர்ட்ஸ், ஏதாவது பவர் சப்ளையில் தேடுங்கள். எங்கள் வீட்டில் எர்த் சரி, சார்ஜர் இல்லை, இருந்தும் ம்ம்ம். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, வால்யூமை ஏற்றி, ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பினேன். கிழக்கே பார்த்தால் ம்ம்ம் பெருகுகிறது, வடக்கே திருப்பினால் அடங்குகிறது. பஞ்சாங்கம் பார்க்கிறேனா என்று நினைத்துக்கொண்டு கிழக்குச் சுவரைத் தட்டினேன், சுவருக்கு அந்தப் பக்கம் இன்வெர்ட்டர். டப்பாவை ஒன்றரை அடி தள்ளி, முக்கால் திருப்பு திருப்பி வைத்ததும் அடங்கிவிட்டது. இன்றும் அந்த இடத்தில் பென்சில் கோடு இருக்கிறது.

இன்னொன்று, மல்டிமீட்டரை எடுத்துக் கார்ட்ரிட்ஜ் சுருளை ஓம் பார்க்கும் யோசனை உங்கள் எலக்ட்ரீஷியனுக்கு வந்தால் தடுத்துவிடுங்கள். மீட்டர் அனுப்பும் சின்ன ஓட்டம்கூட அந்தக் கம்பிக்கு ஜாஸ்தியாகலாம்.

கேள்வி: நல்ல டிஏசி ஒன்று வைத்திருக்கிறேன். டர்ன்டேபிளை அதில் எப்படி இணைப்பது? ஓட்டையே பொருந்தவில்லை.
— கல்லூரி மாணவர், அண்ணா நகர்

பதில்: பொருந்தாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம் தம்பி. டிஏசி டிஜிட்டலை வாங்கி அனலாக்காகக் கொடுப்பது. உங்களுக்கு வேண்டியது எதிர்த் திசை, ஏடிசி. டிஏசியில் இருக்கும் ஆர்சிஏ ஓட்டைகள் வெளியே போகும் வழி, உள்ளே வருவதற்கு இல்லை. இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் இன்டர்ஃபேஸ்களும் உண்டு, பின்பக்கம் இன்புட் என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். கண்ணில் படாத டிஏசி உங்கள் லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டைக்குள்ளேயும் ஒன்று இருக்கிறது, கேட்பதற்கு அதுவே போதும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய பெல்ட் டர்ன்டேபிள் வாங்கினேன், 100 வோல்ட்டுக்கு ஸ்டெப்-டவுன் போட்டாயிற்று. பாட்டு மெதுவாக, ஆண் குரல் மாதிரி வருகிறது. டிஜிட்டலாக மாற்றியபின் சரிசெய்துகொள்ளலாமா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: ஸ்டெப்-டவுன் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது, இந்த மாதிரிப் பழைய மோட்டாரின் வேகமோ ஹெர்ட்ஸைப் பொறுத்தது. ஜப்பானில் மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸ், கிழக்குப் பாதி நம்மைப் போல 50. உங்களுடையது 60க்கான புல்லியோடு (பெல்ட்டை ஓட்டும் மோட்டார் உருளை) வந்திருக்கிறது. 33⅓ சுற்ற வேண்டியது 27.8தான் சுற்றும், 5 கட்டையில் பாடிய அம்மாள் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். சாஃப்ட்வேரில் வேகத்தை 20 சதவீதம் ஏற்றலாம், சுருதி சரியாகிவிடும். ஆனால் ப்ரீஆம்ப் போட்ட ஆர்ஐஏஏ வளைவு தப்பான வேகத்தில் விழுந்திருக்குமே, அதுவும் கூடவே நகர்ந்துவிடும், குரலின் நிறம் மாறும். வேளச்சேரி தம்பி மாதிரி வளைவு இல்லாமல் பதிந்து, வேகத்தைத் திருத்திய பிறகு வளைவு போட்டால் அந்தத் தொல்லை இல்லை. அதை விடச் சுலபம் மோட்டார் புல்லியை மாற்றுவது. அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி தேடுங்கள், கிடைக்காவிட்டால் பழையதைக் கழற்றி அம்பத்தூர் பக்கம் லேத் வைத்திருப்பவரிடம் கொடுங்கள், பெல்ட் ஓடும் இடத்தின் விட்டம் 1.2 மடங்கு வேண்டும் என்று சொல்லி. மையம் ஒரு முடி விலகினாலும் வீணை தள்ளாடும், ஆகவே வாங்குவதற்கு முன் லேத்திலேயே சுற்றவிட்டுப் பாருங்கள்.